மேல்சுழி தேய்ந்த ‘வே’: பெயரெழுத்துப் பொருள்களோடு 15 ஆண்டுகள்

என் மோதிரத்தில் வெட்டியிருந்த எழுத்து ‘வே’. இப்போது அதைப் பார்ப்பவர்கள் ‘வெ’ என்று படிக்கிறார்கள். 2010ஆம் ஆண்டில் ஊதியக் குழு நிலுவைத் தொகையின் ஒரு தவணை கைக்கு வந்தபோது, வேலூர் லாங் பஜார்ப் பக்கம் ஒரு கடையில் தட்டை முகப்புள்ள மோதிரம் ஒன்றை வாங்கி, பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருந்த பத்தரிடம் கொடுத்து என் பெயரின் முதலெழுத்தை வெட்டச் சொன்னேன். அன்று அதன் எடை 4.120 கிராம், அரைச் சவரனுக்குச் சற்று மேல். சென்ற மாதம் நிறுத்தபோது 3.960 கிராம் இருந்தது. இரண்டு முறை மெருகு போட்டதையும் கணக்கில் சேர்த்து, 15 ஆண்டுகளில் 160 மில்லிகிராம் தங்கம் என் விரலிலிருந்து கரும்பலகைக்கும் பேருந்துக் கம்பிக்கும் துவைக்கும் கல்லுக்கும் போயிருக்கிறது. எழுத்தின் மேல்சுழியும் அதோடு போயிற்று.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவள். நகை மீதும், பெயரெழுத்துப் பொறித்த பை, பர்ஸ், பேனா போன்றவை மீதும் எனக்கு இருக்கும் ஆசையை வீட்டில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. “திருட்டுப் போனால் திருடன் உன் பெயரைத் தெரிந்துகொள்வான்” என்பார் என் கணவர். இருந்தாலும் இத்தனை ஆண்டுகளில் தங்கம், வெள்ளி, கவரிங், தோல், எவர்சில்வர் என்று பலவற்றின் மீது எழுத்தைப் பொறித்துப் பார்த்து, எது நிற்கும், எது நிற்காது என்பதைக் கைப்பட அறிந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மோதிரத்திலிருந்தே தொடங்குகிறேன். 916 என்று நாம் சொல்லும் 22 காரட் தங்கத்தில் 91.6 விழுக்காடு தங்கமும், எஞ்சிய பகுதியில் செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களும் இருக்கும். நம் ஊரில் சேமிப்பு என்று வாங்குவதற்கு இதைவிட ஏற்றது இல்லை. எழுத்து வெட்டுவதற்கோ இது மிக மென்மையானது. 18 காரட் தங்கம், அதாவது 750 தரம், இன்னும் கடினமாக இருப்பதால் வெட்டின் விளிம்பு கூர்மையாகவே நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதை மோதிரமாக வாங்க நான் முனைந்தபோது, “மாற்று குறைந்த தங்கமா?” என்று என் மாமியார் முகம் சுளித்ததோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

ஆங்கில எழுத்து வெட்டுவதில் பத்தர்களுக்குச் சிரமமில்லை. ‘வி’ என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு நேர்கோடுகள் போதும். ‘வே’ அப்படியல்ல. கொம்புக்குக் கீழே ஒரு சுழி, மேலே ஒரு சுழி, பிறகு ‘வ’வின் உட்சுழி, எல்லாவற்றையும் சுண்டுவிரல் நகத்தளவு முகப்பில் அடக்க வேண்டும். பத்தர் பென்சிலால் எழுதிக் காட்டியபோது அழகாக இருந்தது. உளியால் வெட்டியபோது மேல்சுழியை மட்டும் மெல்லிய கோடாக இழுத்துவிட்டார். தமிழெழுத்தின் ஒரு பழைய கதையே என் விரலில் திரும்பவும் நடந்திருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. பழைய ஓலைகளில் எகர ஏகார வேறுபாட்டைக் காட்டக் கொம்பில் மாற்றம் கிடையாது. குறிலுக்குப் புள்ளி வைப்பது இலக்கண மரபு. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் நெடிலுக்குக் கொம்பை மேலே சுழிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அவர் சேர்த்த சுழியை என் சாக்பீஸ் தூள் 15 ஆண்டுகளில் அழித்துவிட்டது.

சாக்பீஸ் தூளைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. வெட்டிய பள்ளத்தில் அது போய் அடைந்துகொண்டு, மஞ்சள் தங்கத்தில் வெள்ளை எழுத்தாகப் பளிச்சென்று தெரிந்த காலமும் உண்டு. பண்டிகை நாட்களில் மஞ்சளும் குங்குமமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய மென்மையான பல் துலக்கியால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆய்வகத்தில் பாதரசம் எடுக்கும் நாளில் மோதிரம் வீட்டிலேயே இருக்கும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு நானே பட்டுக்கொள்ள முடியாது. எழுத்துக்கு உண்மையான எதிரி மெருகுதான். “பாலீஷ் போட்டுத் தரட்டுமா?” என்று கடையில் கேட்கும்போது நாம் ஆசையோடு தலையாட்டிவிடுகிறோம். சுற்றும் துணிச் சக்கரம் மேற்பரப்பை அரைத்தே பளபளப்பைக் கொண்டுவருகிறது. பள்ளத்தின் ஆழம் ஒவ்வொரு முறையும் குறைகிறது. நான் கொடுத்த இரண்டு மெருகில் இரண்டாவது தேவையே இல்லாதது.

இன்னொன்று, மோதிரத்தின் உட்புறத்தில் நான் கேட்காமலே சில எழுத்துகள் இருக்கின்றன. 2010இல் ஹால்மார்க் கட்டாயமில்லை என்றாலும் நான் அதைக் கேட்டு வாங்கினேன். அப்போதைய முறைப்படி இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் முத்திரை, 916 என்ற எண், தரம் சோதித்த மையத்தின் குறி, ஆண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து, கடைக்காரரின் குறி என ஐந்து குறிகள். இன்று அது மூன்றாகச் சுருங்கியிருக்கிறது: முத்திரை, தூய்மை, எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்க அடையாளமான எச்யூஐடி. 2023 ஏப்ரல் முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த அடையாளத்தைத் தட்டினால் நகையின் விவரம் வரும். புதிதாக மோதிரம் வாங்கி எழுத்து வெட்டக் கொடுப்பவர்கள், வெட்டுவதும் அளவு கூட்டிக் குறைப்பதும் அந்த அடையாளத்தைத் தொடாமல் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டும்போது உதிரும் பொடியும் நாம் செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுத்து வாங்கிய தங்கம்தான். எடைபோட்டுக் கொடுத்து, எடைபோட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கவரிங் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெயரைச் சேர்த்தெழுதிய கவரிங் சங்கிலி ஒன்றை 2012 சித்திரையில் ஆசைப்பட்டு வாங்கினேன். வெயிலூர் என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் இந்த ஊரில், அக்கினி நட்சத்திர வியர்வைக்கு அது ஐப்பசி வரைகூடத் தாங்கவில்லை. எழுத்தின் விளிம்புகள் முதலில் சிவந்தன, பிறகு கழுத்தில் அரிப்பு. 2007இல் திறந்த ஸ்ரீபுரம் பொற்கோயிலிலும் அடியில் இருப்பது செம்புதானே என்று கேட்டார் உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர். அங்கே செப்புத் தகட்டில் உருவங்களை ஆழமாக எழுப்பி, அதன் மேல் தங்கத் தகடுகளைப் பல அடுக்காக ஏற்றியிருக்கிறார்கள். என் சங்கிலியில் தங்கம் இருந்தது என்று சொல்வதே உபசாரம்.

வெள்ளி எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. எழுத்து வெட்டிய வெள்ளிச் சாவிக்கொத்து ஒன்று 2014 முதல் என்னிடம் இருக்கிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி சல்பைடு படிந்து அது கறுத்தபோது, வகுப்பில் செய்துகாட்டும் முறையையே வீட்டில் செய்தேன்: பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, வெள்ளியை அதன் மேல் படும்படி வைத்தால் சில நிமிடங்களில் கறுப்பு நீங்கிவிடும். நீங்கியது, எழுத்தும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பள்ளத்தில் படிந்த கறுப்புதான் எழுத்தை எழுத்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு மேற்பரப்பை மட்டும் துணியால் துடைக்கிறேன், பள்ளத்தைத் தொடுவதில்லை. இன்று என் பொருள்களிலேயே தெளிவாகப் படிக்க முடிவது அந்தச் சாவிக்கொத்துதான்.

தோலுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் சூழ்ந்த பழைய வட ஆற்காட்டில் பிறந்துவிட்டு, தோல்பைக்குச் சென்னை போவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2013இல் ஆம்பூரில் வாங்கிய பர்ஸில் ஆங்கில முதலெழுத்தைத் தங்கநிறத் தாளால் சூடாக அச்சிட்டுத் தந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. இரண்டு கோடை முடிவதற்குள் நிறம் உதிர்ந்து, கையில் மினுமினுப்பாக ஒட்டியது. நிறத்தாள் மேலே ஒட்டிக்கொண்டிருப்பது. வியர்வையும் உராய்வும் அதைக் கிளப்பிவிடும். 2015இல் பெரிய பை வாங்கியபோது நிறமே வேண்டாம், வெறும் அழுத்தம் போதும் என்றேன். ஆனால் தமிழ் எழுத்துக்கு அச்சு அவர்களிடம் இல்லை. திருமண அழைப்பிதழ் அச்சடிப்பவர் ஒருவரிடம் போய் ‘வே’ என்று தனியாக ஒரு பிளாக் செய்து வாங்கிக்கொண்டு திரும்ப ஆம்பூர் போனேன். “டீச்சர், ஒரு எழுத்துக்கு இவ்வளவு அலைச்சலா?” என்று பைக் கடைக்காரர் சிரித்தார். அந்த பிளாக் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் பிறகு இரண்டு பொருள்களுக்கு அதுவே உதவியது.

அந்தப் பை பட்டை பதனிட்ட தோலால் ஆனது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட இந்த வகைத் தோல் ‘ஈஸ்ட் இண்டியா லெதர்’ என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயர் பெற்றது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஈரப்படுத்தி அழுத்தினால் இந்தத் தோல் அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். குரோமியம் கொண்டு பதனிட்ட தோல் மென்மையானது, நீருக்கு அஞ்சாதது, ஆனால் ரப்பரைப் போலத் திரும்ப எழும்பும். அதில் அழுத்திய எழுத்து நாளடைவில் மேடுபள்ளம் தெரியாமல் சமமாகிவிடுகிறது. என் கணவரின் கறுப்புப் பர்ஸில் அப்படித்தான் ஆயிற்று. என் பையோ பத்து ஆண்டுகளில் தேன்நிறத்திலிருந்து பனைவெல்ல நிறத்துக்கு வந்துவிட்டது. எழுத்தின் குழியில் நிறம் இன்னும் ஆழமாக ஏறியிருப்பதால் மேல்சுழி உட்பட எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. குறை என்றால், மழையில் நனைந்த ஒரு நாளின் கறை போகவே இல்லை, காலிப் பையே தோளை அழுத்தும் அளவுக்குக் கனம்.

பட்டைத் தோலை வாங்குவதால் பாலாற்றின் பாவம் என்னைச் சேராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டியது. அந்த மாசில் குரோமியம் ஒரு பங்கு என்றால், பச்சைத்தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பு இன்னொரு பங்கு. எந்த முறையில் பதனிட்டாலும் அந்த உப்பைக் கழுவித்தான் ஆக வேண்டும். எனவே பத்து ஆண்டுகளாக நான் வேறு பெரிய தோல்பை வாங்கவில்லை என்பதைப் பெருமையாக அல்ல, கணக்காகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், எல்லாப் பக்கமும் எழுத்தும் பூவுமாக நிறைந்த பை ஒன்றைப் பெருமையோடு காட்டினார். லூயி வித்தோன் நிறுவனத்தின் அந்த எழுத்துக்கோலம், நிறுவனர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1896இல், போலிகளைத் தடுக்கவென்று அவர் மகன் ஜார்ஜ் வரைந்தது. போலிகள் எந்த அளவுக்குத் தடுக்கப்பட்டன என்பதை நம் ஊர் நடைபாதைக் கடைகளில் காணலாம். அந்தப் பையின் பெரும்பகுதி தோலே அல்ல, பூச்சுப் பூசிய துணி என்று நான் சொன்னதை உறவினர் ரசிக்கவில்லை. நன்றாக உழைக்கும் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் பாரிஸில் பெட்டி செய்தவரின் முதலெழுத்தைக் காட்பாடி ரயிலடியில் நான் ஏன் சுமக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பெயரெழுத்து ஆசை நமக்கு வெளியிலிருந்து வந்ததும் அல்ல. பாத்திரக் கடையில் குடம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்துவருவோமா? என் அம்மாவின் சீர்ப் பித்தளை அண்டாவில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தும் இன்றுவரை அழியவில்லை. கோடாக இழுக்காமல் புள்ளியாகக் குத்தியதால் ஒவ்வொரு புள்ளியும் ஆழமாக இறங்கியிருக்கிறது. மின்கருவியால் கிறுகிறுவென்று எழுதித் தரும் இக்கால எவர்சில்வர் எழுத்து அந்த ஆழத்துக்குப் போவதில்லை. ஒரே வருத்தம், அம்மா நாள்தோறும் தேய்த்த அந்த அண்டாவில் இருப்பது என் தாத்தாவின் பெயர்.

அந்த அண்டாவைப் பார்த்த பிறகுதான் மோதிரத்தைச் சென்ற வாரம் திரும்பப் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். பழைய பத்தர் இப்போது இல்லை. அவர் மகன் இருக்கிறார். முகப்பை விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, “தகடு மெலிஞ்சு போச்சும்மா. இன்னும் ஒரு தடவை வெட்டலாம், அதுக்கு மேல தாங்காது” என்றார். கொம்பைப் பெரிதாகவும் ‘வ’வைச் சிறிதாகவும் எழுதிக் காட்டச் சொன்னேன். மேல்சுழியைக் கோடாக இழுக்க வேண்டாம், புள்ளி புள்ளியாகக் குத்துங்கள், மெருகு போட வேண்டாம், பொடியைத் தாளில் மடித்துக் கொடுங்கள் என்றேன். சீட்டில் 3.960 என்று எழுதிக் கையில் தந்தார். பொங்கல் வேலை நிறைய இருக்கிறது, தை பிறந்ததும் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.