அப்பாவின் ஆதார், யாரோ ஒருவர் ஃபோனில்

இந்த முறை ஊருக்குப் போனபோது அப்பா அம்மாவுக்கு ஃபைபர் நெட் போட்டுக் கொடுத்தேன். காலையில் சொன்னால் சாயங்காலம் ஆள் வந்து நிற்கிறார்! லண்டனில் இதே வேலைக்கு வாரக்கணக்கில் காத்துக் கிடந்தவள் நான். வேகத்திலும் ஒரு குறை இல்லை. மனசு கொதித்தது வேறு விஷயத்தில்.

கேபிள் இழுத்து முடித்த தம்பி, "ஐயா, ஆதார் குடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார். அப்பா மறுபேச்சில்லாமல் பர்ஸைத் திறந்தார். தம்பி தன் சொந்த ஃபோனில் முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். எட்டிப் பார்த்தேன். குரூப் முழுக்க ஆதார் அட்டைகள். யார் யாருடைய முகமோ, பிறந்த தேதியோ, விலாசமோ, 12 இலக்க எண்ணோடு வரிசையாக. குரூப்பில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா பண்றோம்."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கம்பெனி அவருக்கு வேறு வழி கொடுக்கவில்லை. ஆனால் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொடுப்பதென்றால்கூட, குறுக்கே எதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பார் அப்பா. அந்த ஜாக்கிரதையெல்லாம் எங்கே போயிற்று?

தனியார் கம்பெனிகள் ஆதார்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. நாமாக விரும்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் தேவைக்கு மேல் தகவல் வாங்கக் கூடாது என்ற விதி 2018 மே மாதத்திலிருந்து அமலில் இருக்கிறது. இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது; விதிகள் வரவே 2025 நவம்பர் ஆயிற்று, கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு அதற்குப் பிறகும் 18 மாத அவகாசம். அதுவரை இந்தக் குரூப்புகள் இப்படியே நிரம்பிக்கொண்டிருக்குமா?

தம்பியை உட்காரவைத்து, ஆதார் இணையதளத்திலிருந்து மாஸ்க்டு ஆதார் இறக்கினேன். அதில் எண்ணின் கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும். "இதுவே போதும்க்கா" என்று வாங்கிக்கொண்டு, பழைய போட்டோவைக் குரூப்பிலும் கேலரியிலும் என் கண்ணெதிரே அழித்தார். போதும் என்றால் முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாமே என்ற ஆத்திரம்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வைஃபை பாஸ்வேர்டும் அப்பாவின் மொபைல் நம்பர்! ஞாபகம் வைக்கச் சுலபமாம். ரவுட்டர் பெட்டியின் செட்டிங்ஸுக்குள் நுழையப் பெயர் 'அட்மின்', அதற்கு பாஸ்வேர்டும் 'அட்மின்'. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதை பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே தடுக்கிறது. இரண்டையும் மாற்றினேன். விருந்தாளிகளுக்கென்று தனி கெஸ்ட் நெட்வொர்க் வைத்தேன். டிவிக்குப் பின்னால் ஒளித்திருந்த பெட்டியை வீட்டு நடுவே உயரத்தில் மாட்டச் சொன்னேன். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பின்கட்டு வரை எட்டுகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து வீடியோ பார்க்க 5 கிகாஹெர்ட்ஸ்.

பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் போகும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஆதாரில் பதிந்திருக்கும் மொபைல் நம்பர் அவர்கள் இப்போது பயன்படுத்துவதுதானா? மாஸ்க்டு ஆதார் இறக்க அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். அம்மாவுக்குப் பழைய நம்பர் இருந்தது; ஆதார் மையத்துக்கு நேரில் போய்த்தான் மாற்ற வேண்டியிருந்தது.