பழவேற்காட்டுப் படகா, புதுவண்ணாரப்பேட்டை கேரமா?

டிசம்பர் கடைசியில் டொரொன்டோவிலிருந்து பெரியப்பா மகன் குடும்பத்தோடு வந்து இறங்குவார். முதல் இரண்டு நாள் தூக்கம். மூன்றாம் நாள் கேள்வி வரும்: "பசங்க விளையாட, சுத்திப் பாக்க இந்தப் பக்கம் என்னடா இருக்கு?" பிள்ளைகள் இரண்டும் கோவளத்தில் அலைச்சறுக்கு விடுபவர்களைப் போனில் பார்த்துவிட்டு அந்தக் கனவோடு வந்திருக்கும். வடசென்னையில் இருக்கும் எங்கள் தண்டையார்பேட்டையிலிருந்து கோவளம் போய்த் திரும்பினால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். அதனால் எங்கள் பக்கத்தில் கிடைப்பதை மட்டும் வைத்துப் பேசுகிறேன்: கடல், ஃபுட்பால், பழவேற்காடு, கேரம்.

கடலைப் பட்டியலிலிருந்து முதலிலேயே அடித்துவிடலாம். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கடல்தான், ஆனால் கால் நனைக்க மணல் கிடையாது. நம் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய கல் சுவர் அதை மறித்தது. தேங்கிய மணலால் தெற்கே மெரினா அகன்றது. மணல் வராமல் போன வடக்கே, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கடல் கரையைத் தின்றது. மெரினாவின் அகலத்துக்கு விலை கொடுத்தது எங்கள் தெருக்கள்தான். இப்போது சாலையோரம் கொட்டியிருக்கும் பாறாங்கல்லில் உட்கார்ந்து நண்டு பார்க்கலாம், விடியற்காலையில் காசிமேடு போய் மீன் ஏலம் பார்க்கலாம். நீச்சல் மட்டும் வேண்டாம்.

ஃபுட்பாலுக்கு வியாசர்பாடி. குட்டி பிரேசில் என்று அதைச் சும்மா சொல்லவில்லை. தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் என்று இந்திய அணிவரை போனவர்கள் அங்கே வளர்ந்தவர்கள். வந்தவர்களுக்கு அது பார்க்கத்தான் நல்லது. அண்ணன் மகன் டொரொன்டோவில் பள்ளி அணியில் ஆடுகிறவன். போன வருஷம் மாலை ஐந்து மணிக்கு நம் பையன்களோடு இறங்கினான். கால் மணி நேரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இங்கே வெயில் இறங்கினாலும் காற்றில் ஈரம் இறங்காது, வேர்வை ஆறாமல் உடம்பிலேயே நிற்கும். டிசம்பரிலேயே இந்தக் கதி. கத்திரி வெயிலில் வந்திருந்தால்? (குத்துச்சண்டையைக் கேட்கிறவர்களும் உண்டு. 1980இல் முகமது அலி மெட்ராஸ் வந்ததைப் பெருமையாகப் பேசலாம், ஆனால் வந்த விருந்தாளிக்கு மூக்கில் குத்து வாங்கிக் கொடுக்க முடியுமா?)

ஆக, நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

பழவேற்காடு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுதான். ஆழம் குறைவு என்பதால் குளிர்காலத்தில் பூநாரைகள் கால் நனையக் கூட்டமாக நின்று மேயும். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று மண்மேடு. அவர்கள் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். எங்கள் பிள்ளைகள் பறவையைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

படகுதான் பிரச்சினை. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. ஆனாலும் கரையில் நின்றால் யாராவது கூப்பிடுவார்கள். எங்களைக் கூப்பிட்டவரிடம் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். "தண்ணி இடுப்பளவுதான் சார்" என்றார். ஏரி இடுப்பளவாக இருக்கலாம், அது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரோட்டம் இடுப்பைக் கேட்டு வராது. அண்ணன் முகம் தொங்கிப்போனது. கரையோடு நடந்து, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பினோம். பூநாரை தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அடுத்த முறை பைனாகுலர் எடுத்துப் போக வேண்டும். பருவம் தப்பி மே மாதம் போனால் அந்தக் கோடும் இருக்காது.

கேரத்துக்குப் பருவம் கிடையாது. மதியம் இரண்டு மணி, அடைமழை, கரண்ட் இருந்தால் நடுராத்திரி, எப்போதும் ஆடலாம். எங்கள் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. பலகைக்கு நேர் மேலே தாழத் தொங்கும் பல்பு, வெளிச்சத்துக்கு மட்டுமல்ல. மழை நாளில் பலகை ஈரம் வாங்கி மந்தமாகும், அந்தச் சூட்டில் கொஞ்சம் காயும். இதை இங்கே யாரும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் தொடங்கியதே சென்னையில்தான். உலகப் பட்டத்தை இருமுறை வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2008இல் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடி, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை.

அண்ணன் மகன் சுண்டத் தெரியாமல் நகத்தால் தள்ளினான். "தள்ளாத தம்பி, சுண்டு" என்று எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் அவன் விரலைப் பிடித்து மடக்கிக் காட்டினார். அரை மணியில் விரல் சிவந்து எழுந்துவிட்டான். அவன் தங்கைக்கு எட்டு வயது, அவள் எழவில்லை. சிவப்பு ரெட் காயைப் போட்டால் போதாது, அடுத்ததாகத் தன் காய் ஒன்றை ஃபாலோ போட்டால்தான் அதன் மூன்று புள்ளி கிடைக்கும் என்று கேட்டதும் கண் விரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. உங்கள் முறைக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும், பீடிப் புகை உண்டு, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பும்படி அங்கே ஒன்றும் இல்லை. அண்ணிக்கு அந்தக் கொட்டகை பிடிக்கவே இல்லை. பலகையை வீட்டு மாடிக்குக் கொண்டு வரும்வரை முணுமுணுத்தார், வந்த பிறகு அவரே நான்காவது ஆளாக உட்கார்ந்தார்.

கிளம்பும் அன்று சின்னவள் பலகையையும் எடுத்துப் போக வேண்டும் என்று அழுதாள். ஆடும் பரப்பே 74 சென்டிமீட்டர் சதுரம், சட்டம் வேறு. எந்தப் பெட்டியிலும் நுழையாது. பெரியவர் தன் பழைய ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தனுப்பியிருந்தார். விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டபோதும் அதை அவள் கையிலிருந்து வாங்க முடியவில்லை.