பிராக் – புடாபெஸ்ட் பகல் ரயில்: வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்

கல்யாணமாகி 25 வருஷம் ஆனதைச் சாக்காக வைத்து செக் தலைநகர் பிராகையும் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டையும் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தோம். நடுவில் எப்படிப் போவது என்பதில்தான் தகராறு. இவருக்கு விமானம், பறக்கும் நேரம் ஒன்றேகால் மணிதான் என்று கணக்குக் காட்டினார். எனக்கு ரயில். ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். விமான நிலையத்துக்குப் போவது, பெல்ட்டைக் கழற்றி மாட்டுவது, பெட்டி வரும்வரை காத்து நிற்பது எல்லாவற்றையும் கூட்டச் சொன்னேன். கூட்டினார். அப்புறம் பேசவில்லை.

முதலில் டிக்கெட். நாங்கள் ரயில்வேயிடம் நேரடியாக வாங்காமல், நடுவில் நின்று விற்கும் ஓர் இணையதளத்தில் வாங்கினோம். சேவைக் கட்டணம் என்று தனியாக எடுத்துக்கொண்டார்கள். வந்து சேர்ந்த டிக்கெட்டில் ரயில் எண், தேதி எல்லாம் இருந்தது. இருக்கை எண் மட்டும் இல்லை. இந்த ஊர்களில் பல ரயில்களில் டிக்கெட் என்பது ஏறிப் பயணம் செய்வதற்கான உரிமைதான். உட்கார இடம் உறுதியாக வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சில யூரோ கட்ட வேண்டும். அதை அந்தத் தளம் கடைசிவரை கேட்கவே இல்லை. கோடைக்காலச் சனிக்கிழமை வேறு. இதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

பிராக் முதன்மை நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கீழே கடைகளும் கூட்டமுமாக இருப்பது 1970களில் கட்டிய பகுதி. எஸ்கலேட்டரில் மேலே ஏறினால்தான் 1909இல் கட்டி முடித்த பழைய கட்டடம், அதன் குவிமாடம், வண்ணக் கண்ணாடி எல்லாம் தெரியும். நகரங்களின் தாய் பிராக் என்று லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே ரயிலேறிப் போய்விடுகிறார்கள்.

முதல் பிளாட்பாரத்துக்கும் போய் வாருங்கள். 1939இல் பெரும்பாலும் யூதக் குழந்தைகளான 669 பேரை இங்கிருந்து ரயிலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பிக் காப்பாற்றிய நிகோலஸ் விண்டனின் சிலை அங்கே இருக்கிறது. கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் இன்னொன்று, கீழே ஒரு பெட்டி. என்னை அதிகம் உலுக்கியது சிலையல்ல, அதே பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரு ரயில் கதவு. அந்தக் காலத்து ரயில் பெட்டிக் கதவின் மாதிரி. கண்ணாடியின் ஒரு பக்கம் பெற்றவர்களின் கைகள், மறுபக்கம் பிள்ளைகளின் கைகள். நான் என் கையை அதில் வைத்துப் பார்த்தேன். இவர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அந்தக் கனத்திலேயே இருந்ததாலோ என்னவோ, அறிவிப்புப் பலகையைத் தப்பாகப் படித்தோம். அதில் பிளாட்பாரத்துக்கு ஒரு பத்தி, தண்டவாளத்துக்கு ஒரு பத்தி, கடைசியில் இன்னொரு பத்தி. எங்கள் ரயிலுக்கு நேரே கடைசிப் பத்தியில் 5 என்று இருந்தது. இவர் ஐந்தாவது பிளாட்பாரத்துக்கு ஓடினார், நான் பின்னால். அங்கே ரயிலும் இல்லை, ஆளும் இல்லை. "ஏங்க, அது பிளாட்பாரம்தானா?" என்று கேட்ட பிறகுதான் சந்தேகம் வந்தது. அது தாமத நிமிடம்! ரயில் ஐந்து நிமிடம் தாமதம் என்பதால்தான் திரும்ப ஓடி வந்து பிடிக்க முடிந்தது.

எங்களுக்குக் கிடைத்த பெட்டி பழைய மாதிரி. பிளாட்பாரத்திலிருந்து செங்குத்தாக மூன்று படி. பெரிய சூட்கேஸ் இருந்தால் ஒருவர் கீழே நின்று தூக்க வேண்டும், ஒருவர் மேலே நின்று இழுக்க வேண்டும். தனியாக வருபவர்கள் சின்னப் பெட்டியோடு வருவது நல்லது.

காலியாக இருந்த இரண்டு ஜன்னல் இடங்களில் உட்கார்ந்தோம். செக் நாட்டின் இன்னொரு நகரமான பிர்னோவுக்கு முன்னால் ஆற்றுப் பள்ளத்தாக்கும் குகைப்பாதைகளும் மாறி மாறி வரும், அதுவரை சுகம். பிர்னோவில் ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்து, தலைக்கு மேலிருந்த முன்பதிவுக் குறிப்பைப் பணிவாகக் காட்டினார். எழுந்துகொண்டோம். நிற்க இடம் தேடி நடந்ததில் வந்து சேர்ந்ததுதான் உணவுப் பெட்டி.

அது ஹங்கேரிய உணவுப் பெட்டி. பிளாஸ்டிக் டப்பாவில் சூடாக்கித் தருகிற இடமென்று நினைத்திருந்தேன். வெள்ளை மேசைவிரிப்பு, பீங்கான் தட்டு, கண்ணாடித் தம்ளர். கதவுக்குப் பின்னால் எதையோ எண்ணெயில் போடும் சத்தம். இவர் குலாஷ் என்ற இறைச்சி சூப் வாங்கினார். நிறத்தைப் பார்த்துப் பயந்து முதலில் கால் கரண்டிதான் எடுத்தார். மிளகாய்ப்பொடி மாதிரி சிவந்திருந்தாலும் காரமே இல்லை, பாப்ரிக்கா என்ற ஹங்கேரிய மிளகாய்ப்பொடியின் மணமும் லேசான இனிப்பும்தான். நான் சைவம். எனக்கு ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ். மேலே மொறுமொறு, கத்தி வைத்ததும் உள்ளே இழை இழையாக நீண்டது. உருளைக்கிழங்கு மட்டும் சுமார். வளைவு வரும்போதெல்லாம் உப்புக் குப்பி மேசை ஓரத்துக்கு நகர்ந்தது. பரிமாறுபவர் போகிற போக்கில், பார்க்காமலே, அதை நடுவில் தள்ளிவிட்டுப் போனார். எத்தனை வருஷப் பழக்கமோ! கார்டு வாங்கிக்கொண்டார்கள். செக் நாட்டில் கொருனா, ஸ்லோவாக்கியாவில் யூரோ, ஹங்கேரியில் ஃபோரிண்ட் என்று ஒரே நாளில் மூன்று பணம் மாறுவதால் அது பெரிய உதவி. எல்லை தாண்டியதைச் சொன்னது போனுக்கு வந்த குறுஞ்செய்தி மட்டும்தான்.

ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் கூட்டம் இறங்கியது, இடம் கிடைத்தது. அதன் பிறகு சமவெளி, சோளம், சூரியகாந்தி. தூங்கலாம். ஆனால் ஸ்லோவாக்கியாவின் எல்லை ஊரான ஸ்துரோவோ வரும் முன் எழுந்துவிடுங்கள். நாங்கள் காப்பிக்காக மறுபடியும் உணவுப் பெட்டிக்குப் போய் வலப்பக்க மேசையில் உட்கார்ந்தோம். ஸ்துரோவோ தாண்டியதும் வலப்பக்கம் டான்யூப் ஆறு வந்துவிடுகிறது. எதிர்க்கரையில், ஹங்கேரியின் எஸ்டெர்கோம் ஊரில் உள்ள பேராலயத்தின் குவிமாடம், 100 மீட்டர் உயரம். அங்கிருந்து ஆறு எங்களோடு சேர்ந்தே வந்து, கிழக்கே போய்க்கொண்டிருந்தது தெற்கே திரும்பியது. வளைவில், எதிரே குன்றின் உச்சியில் விசெகிராட் கோட்டை. 1335இல் பொஹீமியா (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி), போலந்து, ஹங்கேரி மன்னர்கள் மூவரும் கூடிப் பேசிய இடம். "பொஹீமியா ராஜாவும் பிராகிலிருந்துதானே வந்திருப்பார்? எத்தனை நாள் ஆகியிருக்குமோ" என்றார், விமானத்துக்குக் கொடி பிடித்தவர். காப்பி ஆறிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை.

இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து வந்து எங்கள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். அதனால்தான் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

ரயில் புடாபெஸ்டின் நியுகாட்டி நிலையத்தில் நிற்கிறது. 1877இல் ஐஃபெலின் நிறுவனம் கட்டியது. அதே நிறுவனம் கட்டிய பாரிஸ் ஐஃபெல் கோபுரத்துக்கு 12 வருஷம் மூத்தது. இரும்பும் கண்ணாடியுமான கூரை. ஆனால் நான் அண்ணாந்து படமெடுத்துக்கொண்டிருந்தபோது இவரைக் காணவில்லை. தேடினால் டிக்கெட் கவுன்டர் வரிசையில் நிற்கிறார். திரும்பிப் போவதற்கும் இதே ரயில், இந்த முறை இருக்கை எண்ணோடு, இரண்டும் இடப்பக்க ஜன்னல்.