கண்ணுக்குள் எந்த மாத்திரை போய்ச் சேருகிறது: சிப்ரோவா, மாக்ஸியா?

கோவை கணபதிப் பக்கத்து லேத் பட்டறையில் சுத்தியல் அடியில் தெறித்த இரும்புச் சில்லு ஒருவர் கண்ணைத் துளைத்துவிட்டால், அவசரத்துக்கு மருந்துக்கடையில் கைக்கு எட்டுவது சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் மாத்திரை ஓர் அட்டைதான். கிருமியைக் கொல்வதில் அதைக் குறைசொல்ல முடியாது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவை அடக்குவதில் மாக்ஸிஃப்ளாக்சசினைவிட அதுவே வலுவானது. ஆனால் விழித்திரையின் இரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் சந்து விடாமல் இறுகப் பிணைந்திருப்பதால், இரத்தத்தில் தாராளமாக ஓடும் மருந்தும் விழிக்குள் சொற்பமாகவே கசிகிறது. அமாக்ஸிசிலின், செஃபலெக்சின் வகையறாக்களின் கதை இன்னும் மோசம். நுழைந்த கொஞ்சத்தையும் கண்ணே வெளியே தள்ளிவிடும்.

வாய்வழி சிப்ரோ விட்ரியஸ் என்னும் பாகுப் பகுதியில் சேரும் அளவு, அங்கே அதிகம் தொல்லை தரும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களுக்குப் பெரும்பாலும் போதாது. மாக்ஸியோ 400 மில்லிகிராம் மாத்திரை இரண்டை 12 மணி நேர இடைவெளியில் கொடுத்துச் சோதித்தபோது, வீக்கமில்லாத கண்ணிலேயே, இரத்தத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்ரியஸில் காணப்பட்டது. அதே குடும்பத்து கேட்டிஃப்ளாக்சசினும் இதற்கு நெருங்கி வந்தது. ஆனால் சர்க்கரை அளவைத் தாறுமாறாக்கியதால் இந்தியாவில் 2011இல் அதன் மாத்திரை தடைசெய்யப்பட்டது, கண் சொட்டு மருந்து மட்டும் தப்பியது. லைனசோலிடும் உள்ளே நன்றாகவே போகிறது, ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் வகைக் கிருமிகளோடு அதன் ஆட்டம் முடிந்துவிடும்.

நம் பக்கத்தில் மாத்திரையை ஒரு டம்ளர் பாலோடு விழுங்குவோரும் உண்டு. பாலின் கால்சியம் சிப்ரோவைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மாக்ஸியைப் பால் பெரிதாகத் தடுக்காது என்றாலும், இரும்புச்சத்து மாத்திரையும் அமில முறி மருந்தும் அதையும் முடக்கும்.

ஆகவே மாத்திரைகளுக்குள் என் வாக்கு மாக்ஸிக்கே. அதுவும் துணைப்படையாக மட்டும். மண் ஒட்டிய சில்லோடு பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா உள்ளே போயிருந்தால் ஓரிரு நாளில் பார்வையே பறிபோகலாம் என்பதால், காயத்தைத் தைத்து, சில்லை எடுத்து, சீழ்க்கட்டு தெரிந்தால் வான்கோமைசின் 1 மில்லிகிராமும் செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராமும் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவதுதான் முதன்மைச் சிகிச்சை. கரும்புத் தோகை கிழித்த கருவிழியில் பூஞ்சை படர்ந்திருந்தாலோ இந்தப் போட்டிக்கே இடமில்லை. அங்கே முதலில் தேவை பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் சொட்டு மருந்து.