ஓரிகன் கடற்கரையில் ஆர்வியோடு ஐந்து கோடைகள்

வடக்கே அஸ்டோரியா முதல் தெற்கே ப்ரூக்கிங்ஸ் வரை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கடற்கரை 363 மைல். அதை ஒட்டியே போகும் 101ஆம் நெடுஞ்சாலையில் ஐந்து கோடைகளாக ஆர்வியில், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில், போய்வருகிறோம். முதல் முறை வாடகை வண்டி. இரண்டாம் இரவே தண்ணீர் பம்ப் நின்றுபோனது. வாடகைக்கு விட்டவர்கள் மறுநாள் காலை வரை தொலைபேசியை எடுக்கவில்லை. அப்படியும் அந்தப் பயணம் மனதைவிட்டுப் போகாததால், அடுத்த ஆண்டு 24 அடி நீளப் பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கினோம்.

வடக்கிலிருந்து தெற்காக ஓட்டுங்கள். இங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் கடல் நம் பக்கமே வரும். எதிர்வரிசையைக் குறுக்கே வெட்டாமல் காட்சி முனைகளில் ஒதுங்கலாம். பெரிய வண்டிக்கு இது சின்ன வசதி இல்லை. ஒரு நாளைக்கு 70 மைலுக்கு மேல் நாங்கள் போவதில்லை. வளைவுகள் அதிகம், வண்டியும் ஒரு கேலன் எரிபொருளுக்கு 9 மைல்தான் கொடுக்கிறது.

இனி, இரவு வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்ட். பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இதில்தான். முதல் இரண்டு ஆண்டுகள் அங்கே கடல் தெரிகிற சைட்டுக்காகவே, அதாவது ஒரு வண்டிக்கான இடத்துக்காகவே, அலைந்தேன். ப்ரூக்கிங்ஸ் பக்கத்தில் ஹாரிஸ் பீச் மாநிலப் பூங்காவில் அப்படி ஒன்று கிடைத்தது. மாலையில் எதிரே பாறைத் தீவுகள், கடற்பறவைகள். சாப்பிடக்கூட உள்ளே போக மனம் வரவில்லை. இருட்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. கோடையில் இந்தக் கரையில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் பலமாக வீசும். நள்ளிரவு வரை வண்டி தொட்டில் மாதிரி ஆட, வெளிக்கூரைத் துணி படபடக்க, சின்னவள் அழுது அழுது ஓய்ந்துதான் தூங்கினாள்.

அதற்கு நேர்மாறு நியூபோர்ட் ஊரின் சவுத் பீச் பூங்கா. மணல்மேட்டுக்குப் பின்னால், குட்டைப் பைன் மரங்களுக்குள் சைட்டுகள். கடல் தெரியாது, அலைச்சத்தம் மட்டும் கேட்கும். மேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் நீண்ட மணல்வெளி. அங்கே மூன்று இரவுகள் நிம்மதியாகத் தூங்கினோம். ஃப்ளாரன்ஸுக்குத் தெற்கே உள்ள ஹனிமன் பூங்காவும் எங்களுக்குப் பிடித்தது. மரநிழலில் வண்டி, பக்கத்திலேயே க்ளியோவாக்ஸ் ஏரி, ஏரிக்கரையில் எழும் மணற்குன்றுகள். பிள்ளைகள் பலகை வைத்துச் சறுக்கி இறங்கினால் இருட்டும் வரை திரும்ப மாட்டார்கள்.

கடல் தெரியும் சைட்டுக்கு இங்கே அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1967இல் இயற்றிய சட்டத்தால் ஓரிகனின் கடற்கரை மணல் முழுவதும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியது. தனியார் விடுதியின் வேலி மணலில் இறங்கி நம்மை மறிக்க முடியாது. கடலைப் பகலில் எந்த ஊரிலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஹெசீட்டா முனையில் 1894இல் ஏற்றிய கலங்கரை விளக்கம், கேனன் பீச்சில் 235 அடி உயர ஹேஸ்டாக் பாறை, யாஹாட்ஸுக்குத் தெற்கே கெட்டிப்பாறைக் குழிக்குள் கடல் பொங்கி வடியும் தார்ஸ் வெல் எல்லாமே சாலையிலிருந்து எட்டும் தூரம்தான். இரவுக்கு வேண்டியது காற்று மறைப்பு.

மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்னதாகப் பதிவு திறக்கும். ஜூலை 20க்கு வேண்டுமென்றால் ஜனவரி 20 காலையிலேயே உட்கார வேண்டும். சைட்டின் நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். வண்டியின் பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கியையும் சேர்த்து அளக்க வேண்டும். தண்ணீர், மின்சாரத்தோடு கழிவுநீர்க் குழாய் இணைப்பும் உள்ள ‘ஃபுல் ஹூக்கப்’ சைட்டுகள் சீக்கிரம் முடிந்துவிடும். கழிவுநீர்க் குழாய் இல்லாமல் தண்ணீரும் மின்சாரமும் மட்டும் உள்ள சைட்டே எங்களுக்குப் போதும். ஆனால் நான்கு பேருக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி மூன்றாம் நாள் நிரம்பிவிடும். அதனால் எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவேன். குளியல் பூங்காவின் பொதுக் குளியலறையில். கிளம்பும்போது, வண்டியின் கழிவுநீரைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் முதலில் கழிப்பறைத் தொட்டி, அப்புறம் சோப்புத் தண்ணீர். அந்த வரிசையில் திறந்தால் குழாய் தானாகவே அலசிக்கொள்ளும்.

நீண்ட காலத்தில் வண்டியைத் தின்பது உப்புக்காற்றும் ஈரமும். மூன்றாம் ஆண்டு பின்பக்க ஏணியின் திருகுகள் துருப்பிடித்தன, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடித்தது. இப்போது மெத்தைக்குக் கீழே காற்றுப்போகும் பலகை வைத்திருக்கிறேன். சமைக்கும்போது மேல் ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுகிறோம். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகம் வரை கழுவுகிறேன். கூரை இணைப்புகளின் பசையை வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பார்க்கிறேன். இதைச் சோம்பல் பார்க்காமல் செய்தால் பழைய வண்டியும் உழைக்கும்.

ஜூலையிலும் குளிரும் என்பதை நம் ஆட்களிடம் அழுத்திச் சொல்கிறேன். உள்நாட்டில் 35 டிகிரி கொளுத்தும் நாளில் கடலோரம் 16 டிகிரியில் மூடுபனி நிற்கும். தோசைமாவு வெளியே வைத்தால் புளிக்காது. வீட்டில் புளிக்கவைத்துக் குளிர்பெட்டியில் எடுத்துப்போகிறோம். சூடான ரசத்தின் அருமை அங்கேதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

எந்த சைட்டில் நிறுத்தினாலும் நான் முதலில் செய்வது, நீல நிறச் சுனாமிப் பலகை காட்டும் பாதையில் குடும்பத்தோடு ஒருமுறை மேட்டுக்கு நடந்து பார்ப்பது. கடலுக்கு அடியில் இருக்கும் காஸ்கேடியா பிளவு 1700இல் பெரும் நிலநடுக்கத்தைத் தந்தது. பலமாக நிலம் ஆடினால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் நடந்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு செப்டம்பரில் அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். சவுத் பீச்சில் நான்கு இரவுகள் பதிந்தாயிற்று. அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால், குளியலறைக்குப் பக்கத்தில் படியில்லாத சைட்டாகத் தேடி எடுத்தேன்.