பழைய சாப்பாட்டு மேசை: ஈட்டிப் பதிப்பா, வெனீர் சித்திரமா?

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பழைய மரச்சாமான் தேடினால் இரண்டு வகைச் சித்திர மேசைகள் கண்ணில் படலாம். ஒன்று மைசூர் பாணி: கெட்டியான ஈட்டி (ரோஸ்வுட்) மரப் பலகையில் குழி செதுக்கி, வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்தது. புவிசார் குறியீடு பெற்ற கைவினை. இன்னொன்று ஐரோப்பிய பாணி மார்க்கெட்ரி: வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகடுகளைச் சித்திரமாக அறுத்துச் சேர்த்து, சாதா மரத்தின் மேல் முழுசாக ஒட்டியது.

அழகில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சித்திரப் பூவின் இதழ் ஓரத்தைச் சூடான மணலில் நுழைத்துக் கருக்கி நிழல் வரவழைத்திருப்பார்கள். சாயமே இல்லை. கிட்டே போய்ப் பாருங்கள், பழுப்பு மெல்ல மெல்லக் கரையும்.

ஆனால் தினமும் சாப்பிட? மைசூர் மேசையே வாங்குங்கள். பழைய வெனீரை ஒட்டியது பெரும்பாலும் வச்சிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பசை. சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகிவிடும். அரிசிம்பருப்புச் சோற்றுக் குண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி நேரே வைக்கும் வீட்டுக்கு அது ஆகாது. போதாததற்கு, மழைக்காலத்து ஈரத்தில் அடிமரம் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும்; மேலே உள்ள தகடு விட்டுப்போகும். ஈட்டியிலும் பதிப்புத் துண்டு எழும்பலாம், ஆனால் அந்த ஒரு துண்டோடு போகும். பாலிஷில் வெள்ளை வளையம் விழுவது இரண்டுக்கும் பொது.

வாங்குமுன் நகத்தால் மேசை முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் அங்கே வெனீர் தூக்கிவிட்டது. வச்சிரம் போட்டதென்றால் விவரம் தெரிந்த ஆசாரி சூடு காட்டியே திரும்ப ஒட்டிவிடுவார். தயவுசெய்து மேலே மணல்தாள் போட்டுத் தேய்க்க மட்டும் விடாதீர்கள். தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், சித்திரமே போய்விடும்.