வீட்டு லேப்டாப்பில் அல்மா தரவு: வெடிக்கும் இளம் விண்மீன்களோடு நாலு வருசம்

2021 ஜூனில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள் நான், வீடு வண்ணாரப்பேட்டை. அந்த நாளில்தான் அல்மா தொலைநோக்கியின் காப்பகத்தை முதன்முதலாகத் திறந்தேன். சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒரே கண்ணாக இயங்குகிற ரேடியோ தொலைநோக்கி அது. அதில் நேரம் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தங்கள் தரவின்மேல் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் தனி உரிமை. அதன்பின் அதே கோப்பு எல்லோருக்கும். காசு கிடையாது, பொதுத் தரவை இறக்கக் கணக்குக்கூடத் தொடங்க வேண்டாம். நாலு வருசம் பயன்படுத்திய பிறகு, யாருக்கு இது சரிப்படும், எங்கே கால் இடறும் என்று எழுதிவைக்கத் தோன்றியது.

நான் தேடிப் போனது எஃப்யூ ஓரியானிஸ் என்ற ஒரே விண்மீனை. 1936-37இல் சில மாதங்களுக்குள் நூறு மடங்குக்கும் மேலாகப் பிரகாசமாகி, இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பாத இளம் விண்மீன். மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம்ம ஊர் அட்சரேகை 8.7 பாகை, அந்த விண்மீனின் நடுவரை விலக்கம், அதாவது வானத்து அட்சரேகை, 9 பாகை. மார்கழி தொடக்கத்தில் நடுச்சாமத்தில் திருநெல்வேலிக்காரர் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒன்று தினமும் நம் மொட்டைமாடியைக் கடந்து போகிறது என்று தெரிந்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த வகை விண்மீன்களை ரேடியோவில் ஏன் பார்க்க வேண்டும்? பாபநாசம் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் பாய்வதைப் பாலத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் பாசனத்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு நாம் பேப்பரில் தேடுவது அணையின் நீர்மட்டத்தை. விண்மீனைச் சுற்றியிருக்கும் வாயு-தூசு வட்டுதான் அணை. வெடிப்பின்போது அதிலிருந்து வருசத்துக்குச் சூரிய நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை விண்மீனில் போய் விழும். சாதாரண நாளில் விழுவதைப்போல ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும். கண்ணுக்குத் தெரியும் ஒளி காட்டுவது எரிகிற உள்பகுதியை. வெளியே குளிர்ந்து கிடக்கும் தூசு மில்லிமீட்டர் அலையில்தான் ஒளிரும். நீர்மட்டம் பார்க்க அதுதான் வழி.

இனி அனுபவம். முதல் மூன்று மாதம் முழுக்க வீண். கச்சாத் தரவை இறக்கியதுதான் நான் செய்த தவறு. நூறு ஜிபிக்கு மேல் இருந்தது. இணையம் அடிக்கடி அறுந்து, பதினோரு ராத்திரி ஆனது. அதை அளவுதிருத்தம் செய்ய காசா என்ற மென்பொருள் வேண்டும். அது விண்டோஸில் நேரடியாக ஓடாது, லினக்ஸ் அல்லது மேக் வேண்டும். அண்ணன் மகன் வந்து உபுண்டு போட்டுக் கொடுத்தான். தரவோடு வரும் ஸ்கிரிப்ட், அது எழுதப்பட்ட காசா பதிப்பிலேயே ஓட்டினால்தான் நம்பலாம் என்பது அப்புறம்தான் புரிந்தது. பழைய தரவுக்குப் பழைய பதிப்பைத் தேடிப்பிடிக்க வேண்டும். எட்டு ஜிபி ரேமில் படம் உருவாக்கும் கட்டளை பாதியில் நின்றது. பதினாறாக்கினேன்.

காப்பகத்தின் அதே பக்கத்தில் அல்மாக்காரர்களே செய்துவைத்த படங்கள், ஃபிட்ஸ் என்ற வானியல் பட வடிவக் கோப்புகளாக, சில எம்பி அளவிலேயே கிடக்கின்றன. அங்கேதான் தொடங்க வேண்டும். ஒரு வருசம் கச்சாத் தரவைத் தொடாதீர்கள். படத்தைத் திறக்க கார்ட்டா என்ற மென்பொருளைச் சொல்வேன். பிரவுசரிலேயே திறக்கும். வாயுவின் படங்களை அலைவரிசைவாரியாக அடுக்கிய கோப்பைத் திறந்து வரிசையாக நகர்த்தினால் வாயுவின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருவதும் மறுபக்கம் விலகிப் போவதும் கண்முன்னே தெரியும். வகுப்பில் டாப்ளர் விளைவை ஆம்புலன்ஸ் சத்தம் வைத்தே நடத்திவந்தேன். இப்போது இதையும் காட்டுகிறேன்.

முதலில் எடுத்த படத்தில் எஃப்யூ ஓரியானிஸ் ஒரே ஒரு திட்டு. ஆன்டெனாக்கள் நெருக்கமாக நின்ற நாளில் எடுத்தது அது. பிறகு ஆன்டெனாக்களைப் பரத்தி வைத்து எடுத்த தரவைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அண்ணன் மகன், “அத்தே, இது ரெண்டுல்லா இருக்கு!” என்றான். ஆமாம், இரண்டுதான். அரை வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) இடைவெளியில் ஒரு துணை விண்மீன் இருப்பது 2004இலேயே வெளியானது. 2020இல் வந்த ஆய்வு இரண்டு வட்டுகளையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றின் ஆரமும் பூமி-சூரியன் தூரத்தைப்போல ஏறத்தாழ 11 மடங்குதான் என்றது. அந்தக் கட்டுரையை முன்பே வாசித்திருந்தேன். ஆனாலும் அந்த இரண்டு புள்ளிகளை எங்கள் வீட்டுத் திரையில் பார்த்த சாயங்காலம் மறக்காது.

கூர்மைதான் எல்லாம் என்று அதன்பின் நம்பிவிட்டேன், அதுவும் சரியில்லை. ஆன்டெனாக்கள் விரிந்து நிற்கும்போது பரந்து கிடக்கும் மெல்லிய வாயு படத்திலிருந்து காணாமல் போய்விடும். 2024இல் இதே விண்மீனுக்குள் வாயு ஓடை ஒன்று விழுகிறது என்று கண்டது விரிந்ததும் நெருக்கமானதுமான பல ஆன்டெனா அடுக்குகளின் தரவை வைத்துத்தான். அணைக்குக் காட்டோடைபோல, வட்டுக்கு வெளியிலிருந்து வரத்து. ஒரே பொருளை இரண்டு அடுக்கிலும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். 2022இல் இரண்டு வருசத்துப் படங்களை ஒப்பிட்டு, வட்டு மங்கிவிட்டது என்று நோட்டில் எழுதினேன். மங்கவில்லை. படத்தில் இருக்கும் எண் ஒரு கற்றை அளவுக்கு இத்தனை என்ற கணக்கு. கற்றை என்பது ஒரு புள்ளியைத் தொலைநோக்கி பரப்பிக் காட்டும் திட்டு. இரண்டு படத்துக்கும் கற்றையின் அளவு வேறு. கற்றையைச் சமமாக்கிப் பார்த்தபோது வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் வந்தது. அல்மாவின் அளவுதிருத்தப் பிழையே அலைநீளத்தைப் பொறுத்து ஐந்து முதல் இருபது சதவீதம். அதற்குள் அடங்கும் எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று சொல்லக்கூடாது.

இதே வகையில் இன்னொரு வெடிக்கும் இளம் விண்மீனான வி883 ஓரியானிஸைத் தனியே சொல்கிறேன். சூரியன் மாதிரி விண்மீனின் வட்டில் தண்ணீர் உறையும் எல்லை வழக்கமாகப் பூமி-சூரியன் தூரத்தில் ஐந்து மடங்குக்கு உள்ளேதான். இங்கே வெடிப்பின் சூடு அதை வெளியே தள்ளிவிட்டது. 2016இல் 42 மடங்கு என்றார்கள். 2023இல் தண்ணீரின் ஆவியையே நேராகக் கண்டு, ஏறத்தாழ 80 மடங்கு என்றார்கள். அதுவும் சாதாரண நீரை வைத்து அல்ல. நம் காற்றிலிருக்கும் ஈரமே அந்த அலையை மறைத்துவிடும். டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கலந்த நீரையும், கனமான ஆக்சிஜன் கொண்ட நீரையும் வைத்துக் கண்டார்கள். இரண்டின் விகிதம் வால்மீன்களில் இருப்பதோடு ஒத்துவந்தது. அதாவது தாமிரபரணியில் ஓடும் தண்ணீரில் ஒரு பகுதி சூரியனைவிடப் பழையதாக இருக்கக்கூடும். இதை வகுப்பில் சொன்ன அன்று மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு டிபி ஹார்ட் டிஸ்க்கும் நோட்டுகளும் போயின. தரவு முழுவதும் காப்பகத்தில் அப்படியே இருந்தது. தை பிறந்ததும் திரும்ப இறக்கிக்கொண்டேன். நோட்டில் எழுதியிருந்த என் குறிப்புகளுக்கு நகல் இல்லை. இப்போது அவற்றையும் தட்டச்சு செய்து வெளியே ஓரிடத்தில் வைக்கிறேன்.

பிளஸ் டூ முடித்து, கொஞ்சம் பைத்தான் தெரிந்த யாருக்கும் இது சரிப்படும். வழிகாட்டிகள் ஆங்கிலத்தில்தான், அது கிராமத்துப் பிள்ளைகளுக்கு உண்மையான தடை. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், ரெண்டுல நிறை கூடினது சும்மா இருக்கு, சின்னதுல்லா வெடிச்சிருக்கு. ஏன்?” உண்மைதான், 1936இல் வெடித்தது நிறை குறைந்த வடக்கு விண்மீன். தெற்கே இருப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு நிறை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்த வாயு ஓடையின் கோப்பை அவளோடு உட்கார்ந்து திறக்கப்போகிறேன், அது எந்தப் பக்கம் போய் விழுகிறது என்று பார்க்க.